தொடாத பந்து

மூலக்குளத்தில் புதிதாக ஒரு டர்ஃப் மைதானம் வந்திருக்கிறது. பச்சை பிளாஸ்டிக் புல். நாலு பக்கமும் வலை, தலைக்கு மேலேயும் வலை. பந்து வெளியே போகாது. காற்றும் உள்ளே வராது. போன மாதம் அங்கே ஒரு கால்பந்துப் போட்டி நடந்தது. துவக்கி வைக்க என்னையும் ஆறுமுகத்தையும் கூப்பிட்டார்கள். நாங்கள் இருவரும் ஒரே மில்லுக்கு ஆடியவர்கள். நான் சென்டர் ஃபார்வர்டு, அவன் வலது ஓரம்.

போட்டி நடத்துகிற பிள்ளைகள் ஒரு மலர் போடுகிறார்களாம். அவர்களில் ஒருவன் செல்போனை என் வாய்க்கு நேராக நீட்டி, "உங்க மொத்த கோல் எத்தினி, தாத்தா?" என்று கேட்டான்.

"எண்ணல" என்றேன்.

"ஒரு அந்தாஜா சொல்லுங்களேன்."

எனக்குக் கோபம் வந்தது. ஒருவன் வாழ்நாள் எல்லாம் ஆடியிருக்கிறான். கேட்பதற்கு இது ஒன்றுதானா? எழுதித் தருகிறேன் போ என்று அனுப்பிவிட்டேன். இப்போது எழுதுகிறேன். ஆனால் கோல் கணக்கு இதில் இருக்காது. நான் தொடாத ஒரு பந்தைப் பற்றித்தான் எழுதப்போகிறேன். இஷ்டம் இருந்தால் போடுங்கள், இல்லாவிட்டால் தூக்கி எறியுங்கள்.

நான் சோரியாங்குப்பத்துக்காரன். சம்பா அறுத்த வயலில்தான் ஆடக் கற்றேன். அடித்தாள் காலைக் குத்தும். சவுக்குக் கழி ரெண்டு நட்டால் கோல் போஸ்ட். அதற்குப் பின்னால் இருக்கிற வரப்புதான் கோல் கோடு. அணிக்கு ஏழு பேர். பொங்கல் முடிந்ததிலிருந்து சித்திரை வரை ஊர் ஊராகப் போட்டி நடக்கும். ஜெயித்த ஊருக்கு ஆட்டுக்கிடா.

எங்கள் ஏழு பேர் ஆட்டத்தில் ஆஃப்சைடு கிடையாது. அதனால் ஃபார்வர்டு என்பவன் எதிராளி கீப்பர் பக்கத்திலேயே போய் நின்றுகொள்வான். கீப்பர் போட்ட வெற்றிலை வாசம் மூக்கில் அடிக்கும் தூரம். பந்து வந்தால் தட்ட வேண்டியது, அவ்வளவுதான். நான் எப்போதும் வரப்போரமே நிற்பேன். அதனால் எனக்கு 'வரப்பு' என்று பேர் வைத்தார்கள். இன்றைக்கும் ஆறுமுகம் அப்படித்தான் கூப்பிடுகிறான்.

இன்னொரு பழக்கமும் உண்டு. எங்கள் பக்கம் பந்தைக் கடைசியாகத் தொட்டவன்தான் கோல் போட்டவன். அவனைத்தான் தோளில் தூக்கிக்கொண்டு போவார்கள். தூரத்திலிருந்து உதைத்தவனை ஒருத்தரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள். ஆகவே தானாக உள்ளே போகிற பந்தைக்கூட ஃபார்வர்டு ஓடிப்போய் ஒரு தட்டு தட்டுவான். நான் அதில் கெட்டிக்காரன். வாங்கின கிடாவில் பாதி அப்படித் தட்டி வாங்கியதுதான்.

அந்தப் பேரைக் கேள்விப்பட்டுத்தான் மில்லில் கூப்பிட்டார்கள். மில் என்றால் துணி மில். அப்போதெல்லாம் மில் அணி என்றால் ஊரில் தனி மரியாதை. என்னைப் பதிலியாக எடுத்தார்கள். பதிலி என்றால் இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்குத் தெரியாது. பர்மனென்ட் ஆள் ஒருவன் வேலைக்கு வராவிட்டால்தான் பதிலிக்கு அன்றைக்கு வேலை. தினமும் காலையில் கேட்டில் போய் நிற்க வேண்டும். யாருக்காவது காய்ச்சல் வரட்டும் என்று சாமி கும்பிட வேண்டும். ஒரு மனுசனை இதைவிடக் கேவலமாக நிறுத்த முடியாது. பந்து ஆடுகிற பதிலிக்கு மட்டும் கொஞ்சம் முன்னுரிமை. ஆறுமுகமும் என் மாதிரி பதிலிதான். கேட்டில் பக்கத்தில் பக்கத்தில் நிற்போம்.

எங்கள் பயிற்சியாளரை எல்லோரும் சொல்தா என்றுதான் கூப்பிடுவோம். பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்துவிட்டு பென்ஷனோடு வந்த ஆட்களை எங்கள் பக்கம் அப்படித்தான் சொல்வது. குள்ளமான ஆள். அரைக்கால் சட்டையை மடிப்புக் கலையாமல் இஸ்திரி போட்டு உடுத்துவார். ஓடச் சொல்ல "ஆலே" என்பார், தப்பு என்று சொல்ல "நோன்" என்பார். 'ஆலே'யைவிட 'நோன்'தான் அதிகம். நல்லா ஆடினாய் என்று அவர் யாரையும் சொல்லி நான் கேட்டதில்லை. நன்றாக ஆடினால் அவர் வேறு பக்கம் திரும்பி மூக்குப்பொடி போடுவார். அதுதான் பாராட்டு.

முதல் மேட்ச்சில் நான் போட்ட கோல் ஒவ்வொன்றுக்கும் ஓரத்தில் நின்ற லைன்ஸ்மேன் கொடியைத் தூக்கி, செல்லாது என்றான். நான் அவன் சட்டையைப் பிடித்துவிட்டேன். சொல்தா வந்து என் கையை விலக்கினார்.

"நீ எந்தூரு?"

"சோரியாங்குப்பம்."

"அங்க ஆஃப்சைடு இல்லியா?"

"அப்டின்னா இன்னாங்க?"

மைதானமே சிரித்தது. லைன்ஸ்மேன்கூட சிரித்தான். சொல்தா சிரிக்கவில்லை. மறுநாள் ஒரு மாட்டுக் கயிற்றோடு வந்தார்.

அந்தக் கயிற்றைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். ஒரு நுனியை என் இடுப்பில் கட்டினார். மறு நுனியை கோதண்டம் இடுப்பில் கட்டினார். கோதண்டம் எங்கள் ஃபுல்பேக், கோலைக் காக்க நிற்பவன்; பயிற்சியில் எதிராளியின் கடைசி ஆளாக நிற்பான். நல்ல கனமான ஆள், எப்போதும் மடியில் வேர்க்கடலை வைத்திருப்பான். சட்டம் என்னவென்றால், பந்து என்னை நோக்கி உதைக்கப்படுகிற நேரத்தில் நான் கோதண்டத்தைத் தாண்டி நிற்கக் கூடாது. உதைத்த பிறகு தாண்டலாம். உதைப்பதற்கு முன்பே தாண்டினால் சொல்தா விசில் ஊதுவார், கோதண்டம் கயிற்றைச் சுண்டி இழுப்பான். நான் மல்லாக்க விழுவேன். உதைத்த பிறகு ஓடினால் கோதண்டம் கயிற்றை விட்டுக்கொடுப்பான். பந்தை உதைப்பவன் காலையும், கோதண்டம் நிற்கிற இடத்தையும் ஒரே நேரத்தில் பார்க்க வேண்டும். எனக்கு அதுவரை பந்தை மட்டும்தான் பார்க்கத் தெரியும்.

ஷிப்ட் முடிந்து போகிறவர்கள் எல்லாம் வேலியில் சாய்ந்து வேடிக்கை பார்ப்பார்கள்.

"இன்னா கோதண்டம், மாட்ட எங்க ஓட்டிகினு போற?"

"வில்லியனூர் சந்தைக்குதாம்பா."

"பால் குடுக்குமா?"

"குடுக்காது. சும்மா முட்டும்."

எனக்கு ரத்தம் கொதிக்கும். ஒருநாள் கயிற்றை அவிழ்த்து எறிந்துவிட்டு, "நான் மாடு இல்லீங்க" என்று சொல்தாவிடம் கத்தினேன். அவர் கயிற்றை எடுத்து மண்ணைத் தட்டினார். "மாடா இருந்தா இத்தினி நாள்ல கத்துக்கும்" என்று சொல்லி, மறுபடியும் அவரே கட்டினார். அவர் போடுகிற முடிச்சில் இறுக்கமும் இருக்காது, தளர்வும் இருக்காது.

கயிறு முடிந்த பிறகு இன்னொன்று. கோல் முன்னால் என்னை நிறுத்துவார். எல்லோரும் கோலுக்கு உதைப்பார்கள். பந்து என் பக்கத்தில் போகும், காலுக்கிடையில் போகும். நான் தொடக் கூடாது. தொட்டால் மைதானத்தைச் சுற்றி ஓட வேண்டும். சும்மா நிற்பது எவ்வளவு கஷ்டம் என்று நின்று பார்த்தவனுக்குத்தான் தெரியும். கால் தானாகப் போகும். கிடா வாங்கிப் பழகின கால்.

"தொட்டாதான் ஃபார்வர்டுன்னு நெனக்காத" என்பார். "நோன். நோன். திரும்ப நில்லு."

எனக்கு அப்போது கலியாணம் ஆகியிருந்தது. வசந்தா, கரையாம்புத்தூர்ப் பெண். என் மாமனார் நெல்லும் கரும்பும் போடுகிற ஆள். மில் வேலை என்று நம்பித்தான் பெண் கொடுத்தார். பதிலி என்றால் என்ன என்று கலியாணத்துக்குப் பிறகு யாரோ சொல்லிவிட்டார்கள். அந்த நேரம் வசந்தா தலைப்பிரசவத்துக்குத் தாய் வீட்டுக்குப் போயிருந்தாள். பெண் குழந்தை பிறந்தது. பார்க்கப் போனேன். மாமனார் இலை போட்டு, மரியாதையாகச் சாப்பாடு போட்டார். சாப்பிட்டுக் கை கழுவும்போது சொன்னார்.

"மாப்ள, தப்பா எடுத்துக்காதீங்க. பர்மனென்ட் ஆவட்டும். அப்பால வந்து இட்டுகினு போங்க. அதுவரிக்கும் அது இங்கியே கெடக்கட்டும்."

'அது' என்றது என் பெண்டாட்டியை. என் பிள்ளையையும் சேர்த்துத்தான். ஈரக் கையை வேட்டியில் துடைத்துக்கொண்டேன். வசந்தா கதவுப் பக்கம் நின்று என்னைப் பார்த்தாள்.

அந்த வருசம் மில்களுக்குள் நடந்த கோப்பையில் நாங்கள் ஃபைனலுக்கு வந்தோம். வில்லியனூரில் ஆட்டம். தறிப் பிரிவில் ஒரு பர்மனென்ட் இடம் காலியாக இருந்தது. ஃபைனலுக்கு முன்னால் மேனேஜர் எங்களை வரிசையாக நிறுத்தினார். வெளியூர்க்காரர், வெள்ளைச் சட்டை, பந்தைப் பற்றி ஒரு மண்ணும் தெரியாது. "ஜெயிக்கிற கோலை யார் போடுகிறாரோ, அவருக்கு அந்த வேலை" என்றார். அவருக்கு அது ஒரு தமாஷ். கோழிக்கு அரிசி இறைப்பது மாதிரி. ஆறுமுகம் என்னைப் பார்த்தான், நான் அவனைப் பார்த்தேன். சொல்தா முகம் சிவந்துவிட்டது. "ஆட்டத்த கெடுத்துட்டான்" என்று எங்களுக்கு மட்டும் கேட்கிற மாதிரி சொன்னார்.

ஆட்டம் முழுக்க ஒன்றும் விழவில்லை. நானும் ஆறுமுகமும் ஒருத்தருக்கு ஒருத்தர் பந்து கொடுக்கவில்லை. எங்களுக்கே தெரிந்தது. சொல்தா ஓரத்தில் நின்று "நோன்" என்று தொண்டை கட்டக் கத்தினார். முடியப் போகிற நேரத்தில் ஆறுமுகம் வலது ஓரமாகப் பந்தை எடுத்துக்கொண்டு பறந்தான். நான் நடுவில் ஓடினேன். எனக்குத்தான் தருவான் என்று நினைத்து எல்லோரையும் தாண்டிப் போய்விட்டேன். அவன் தரவில்லை. கோணத்திலிருந்து அவனே உதைத்தான்.

சரியாகப் படவில்லை. கீப்பர் விழுந்து கையை நீட்டினான். விரலுக்கு எட்டாமல் பந்து அவனைத் தாண்டி, மெதுவாக, தூரத்துப் போஸ்ட்டை நோக்கி உருண்டது. அந்தப் போஸ்ட்டுக்குப் பக்கத்தில் நான். எனக்கும் கோல் கோட்டுக்கும் நடுவில் யாரும் இல்லை. பின்னால் எதிராளி ஃபுல்பேக் ஒருவன் மூச்சு வாங்க ஓடி வருகிற சத்தம் கேட்டது. பந்து வருகிற வேகத்துக்கு அவன் வந்து வெளியே உதைத்துவிடலாம். நான் கால் நீட்டினால் உள்ளே போகும். மேனேஜர் கண்ணுக்கு முன்னால், என் காலில் பட்டு.

ஆனால் ஆறுமுகம் உதைத்தபோது நான் எல்லோரையும் தாண்டி நின்றேன். தொட்டால் கொடி எழும்பும், கோல் செல்லாது.

என் வலது கால் பாதி நீண்டுவிட்டது. அதை இழுத்துக்கொண்டேன். பந்து என் கட்டைவிரலை உரசுகிற தூரத்தில் போனது. போஸ்ட்டின் உட்பக்கம் பட்டு உள்ளே போனது. ஓடி வந்த ஃபுல்பேக் சறுக்கிக்கொண்டு என் மேல் விழுந்தான். கொடி பாதி தூக்கின கையோடு லைன்ஸ்மேன் நின்றான். ரெஃபரி அவனிடம் ஓடினார். "தொட்டானா?" என்று கேட்டார். "தொடல" என்றான். விசில் ஊதி நடுவைக் காட்டினார். கோல்.

ஆறுமுகத்தைத் தூக்கிக்கொண்டு போனார்கள். மேனேஜர் இறங்கி வந்து அவன் கையைக் குலுக்கினார். நான் மண்ணில் உட்கார்ந்திருந்தேன். சொல்தா பக்கத்தில் வந்து நின்றார். வேறு பக்கம் திரும்பி மூக்குப்பொடி போட்டார். அப்புறம் ஒரு வேலை செய்தார். நேராக மேனேஜரிடம் போனார். கூட்டத்துக்கு நடுவில், எல்லோருக்கும் கேட்கப் பேசினார்.

"அந்த கோல் ரெண்டு பேர் போட்டது. அவன் கால எடுக்கலைன்னா கோப்பை இல்ல. ரெண்டு பேருக்கும் வேல குடுங்க."

மேனேஜர் சிரித்தார். "தொடாத பந்துக்கு வேலையா, ஐயா?"

சுற்றி நின்றவர்களும் சிரித்தார்கள். சொல்தா தன் கழுத்தில் கிடந்த விசிலைக் கழற்றினார். மேனேஜர் கையில் வைத்தார். சைக்கிளை எடுத்துக்கொண்டு போய்விட்டார். அதன் பிறகு மில் மைதானத்துப் பக்கம் அவர் வரவேயில்லை. எத்தனை பேர் வீட்டுக்குப் போய்க் கூப்பிட்டாலும் "நோன்" தான்.

மறுநாள் கரையாம்புத்தூர் போனேன். எதற்குப் போனேன் என்று எனக்கே தெரியவில்லை. மாமனார் வயலுக்குப் போயிருந்தார். வசந்தா மடியில் பிள்ளை இருந்தது. ஆட்டத்தை முழுக்கச் சொன்னேன். அவள் ஒன்றே ஒன்று கேட்டாள்.

"தொட்டிருந்தா?"

"கோல் இல்ல."

"அப்ப அந்தண்ணனுக்கும் வேல இல்ல."

"இல்ல."

"அப்பறம் இன்னாத்துக்கு எழவு வூட்டுல குந்தற மாதிரி குந்திகினு இருக்கீங்க? கொழந்தைய புடிங்க. துணிய எடுத்துகினு வர்றேன்."

"உங்கப்பா?"

"அவருக்கு நான் சொல்லிக்கிறேன். அவரா உங்ககூட குடும்பம் நடத்துறாரு?"

மாமனார் கரும்புத் தோட்டத்து மடையில் நின்றார். நாங்கள் போவதைப் பார்த்தார். தடுக்கவில்லை. மண்வெட்டியை ஊன்றிக்கொண்டு, "பஸ்சுல கூட்டமா இருக்கும், கொழந்தைய பாத்துக்கோங்க" என்றார். அவ்வளவுதான். நல்ல மனுசன்தான், பயந்த மனுசன்.

நான் பதிலியாகவே இருந்தேன். ஆறுமுகம் பர்மனென்ட் ஆனான். சில வருசம் கழித்து மில் மூடியது. மூடின அன்றைக்கு பர்மனென்ட்டும் பதிலியும் ஒரே கேட்டுக்கு வெளியேதான் நின்றோம். எனக்கு அதில் சந்தோசம் ஒன்றும் இல்லை. பிறகு கொம்யூன் பஞ்சாயத்தில் தண்ணீர்த் தொட்டிக்கு மோட்டார் போடுகிற வேலை கிடைத்தது. அதில்தான் ரிட்டயர் ஆனேன். ஆடுவதை நிறுத்தின பிறகும் ரொம்ப நாள், வாசலில் நிற்கும்போது யாராவது பந்து உதைக்கிற சத்தம் கேட்டால் உடம்பு திரும்பிவிடும். இப்போதும் திரும்புகிறது. அந்த வில்லியனூர் மண் வாசனை, விளக்கெண்ணெய் தடவின பந்துத் தோல், ஷிப்ட் விடுகிற சங்கு. எதையும் மறக்க முடியவில்லை.

ஆனால் ஆறுமுகம் அந்த கோலைப் பற்றி என்னிடம் ஒரு வார்த்தை பேசியதில்லை. டீக்கடையில், கலியாணத்தில், எழவு வீட்டில் எல்லாம் பார்ப்போம். ஊரில் எல்லோரிடமும் "நான் போட்ட ஃபைனல் கோல்" என்பான். என்னிடம் மட்டும் பேசமாட்டான். எனக்கு அது நெஞ்சில் முள்ளாகவே கிடந்தது. வேலை போனது பெரிசில்லை. நீ காலை எடுத்தாயே என்று ஒரு சொல் சொல்லக் கூடாதா?

போன மாதம் டர்ஃபில் நானும் அவனும் பிளாஸ்டிக் நாற்காலியில் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்திருந்தோம். ஏழு பேர் ஆட்டம். இங்கேயும் ஆஃப்சைடு கிடையாது. ஒருவன் தூரத்திலிருந்து உதைத்தான். போஸ்ட் பக்கத்தில் நின்றவன் காலை நீட்டித் தட்டினான். என் வாயில் தானாக வந்துவிட்டது.

"கால எட்றா!"

பையன்கள் திரும்பிப் பார்த்துச் சிரித்தார்கள். ஆறுமுகம் சிரிக்கவில்லை.

"நானும் அன்னிக்கு இதேதான் கத்துனேன்" என்றான்.

"எதுக்கு?"

"உதைச்ச ஒடனே பாத்தேன். நீ அங்க நிக்கிற. போச்சுடா, தொட்டுடுவான், வரப்புப் புத்தி போகாதுன்னு நெனச்சேன். 'கால எட்றா'ன்னு கத்துனேன். நீ எடுத்துட்ட. அதான் தப்பிச்சேன்."

நான் அவனைப் பார்த்தேன். இத்தனை வருசமாக அவன் மனதில் அப்படித்தான் இருந்திருக்கிறது. உதைத்தது அவன், கத்தினது அவன், சொன்னதைக் கேட்டு நின்றவன் நான். அதில் எனக்கு நன்றி சொல்ல அவனுக்கு என்ன இருக்கிறது?

"நீ கத்துனது எனக்கு கேக்கலடா" என்றேன்.

"கேக்கல?"

"கூட்டம் போட்ட சத்தத்துல ஒண்ணும் கேக்கல. பின்னால ஓடியாந்தவன் மூச்சுதான் கேட்டுச்சி."

கையில் இருந்த டீயை அவன் குடிக்காமல் வைத்திருந்தான். ஏடு கட்டிவிட்டது.

"அப்ப நீயாதான் எடுத்தியா?"

"நானாதான்."

"ஏன்டா? உனக்கு வேல போயிடும்னு தெரியுமில்ல. புள்ளை அங்க கெடந்துச்சே, கரையாம்புத்தூர்ல."

எனக்குக் கோபமாகப் பதில் சொல்ல வேண்டும் என்று இருந்தது. எவ்வளவோ வருசமாகச் சேர்த்து வைத்த பதில். வாயைத் திறந்தால் வேறு வந்தது.

"யோசிக்க எங்கடா நேரம்? இடுப்புல கயிறு இழுத்துச்சி."

அவன் என் இடுப்பைப் பார்த்தான். அப்புறம் வலைக்கு அந்தப் பக்கம் பார்த்தான். கோதண்டம் செத்துப்போனான். சொல்தாவும் செத்துப்போனார். அந்தக் கயிற்றைப் பார்த்தவர்களில் இப்போது எத்தனை பேர் மிச்சம் என்று தெரியவில்லை. ஆறுமுகம் டீயைக் கீழே ஊற்றினான்.

ஆட்டம் முடிந்து பரிசு கொடுக்கிற நேரம். செல்போன் பையன் மைக்கைப் பிடித்து, "அந்தக் கால ஃபைனலில் கோல் போட்டுக் கோப்பை வாங்கிக் கொடுத்த திரு. ஆறுமுகம் அவர்களை மேடைக்கு அழைக்கிறோம்" என்றான். எல்லோரும் கை தட்டினார்கள்.

ஆறுமுகம் எழுந்தான். ரெண்டு எட்டு வைத்தான். நின்றான். திரும்பி வந்து, என் வேட்டி இடுப்புக் கட்டைக் கொத்தாகப் பிடித்து, கோதண்டம் சுண்டி இழுப்பானே, அதே மாதிரி இழுத்தான்.

"எழுந்திரிடா வரப்பு" என்றான். "விசில் ஊதியாச்சி."